லேப்வியூவில் சீக்வென்ஸா, ஸ்டேட் மெஷினா? பம்ப் டெஸ்ட் பெஞ்சை வைத்து ஒரு வழிகாட்டி

கோவையில் பீளமேடு, கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இதுவரை ஆள் நின்று நோட்டில் ரீடிங் எழுதிக்கொண்டிருந்த டெஸ்ட் பெஞ்சை லேப்வியூவோடு, அதாவது கட்டங்களை வயரால் இணைத்துப் புரோகிராம் எழுதும் மென்பொருளோடு, இணைக்கச் சொல்கிறார்கள். வேலையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். மோட்டாரை ஆன் செய், ஓட்டம் சீராகும் வரை பொறு, ஹெட் (தண்ணீரை ஏற்றும் உயரம்), டிஸ்சார்ஜ் (வெளிவரும் தண்ணீரின் அளவு), கரண்ட், வாட் எல்லாவற்றையும் படி, வால்வை அடுத்த இடத்துக்குத் திருப்பு, மறுபடி படி, கடைசியில் நிறுத்திச் சேமி.

வரிசையாகச் சொல்ல முடிகிற வேலை என்பதால் கை நேராக சீக்வென்ஸ் ஸ்ட்ரக்சருக்குத்தான் போகும். ஃபிலிம் சுருள் மாதிரி ஃப்ரேம் ஃப்ரேமாக இருக்கும் அதில் ஒவ்வொரு படியையும் ஒரு ஃப்ரேமில் போட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். அங்கே ஒரு நிமிடம் நின்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது அல்லது ஏதாவது குறுக்கே வந்து வரிசையை மாற்ற வேண்டியிருக்குமா? வேலையை நிலைகளாகப் பிரித்து, அடுத்து எந்த நிலைக்குப் போவது என்று ஒவ்வொரு நிலையும் முடிவு செய்யும் அமைப்புதான் ஸ்டேட் மெஷின். சீக்வென்ஸா, ஸ்டேட் மெஷினா என்பதை முடிவு செய்வது இந்தக் கேள்விதான். படிகள் எத்தனை என்பது இரண்டாம்பட்சம்.

வரிசையை முதலில் வயரிடம் கேளுங்கள்

லேப்வியூ 1986-ல் மேகின்டாஷ் கம்ப்யூட்டருக்காக வந்த நாளிலிருந்து அதன் அடிப்படை விதி ஒன்றுதான். ஒரு நோடுக்கு, அதாவது ஒரு வேலையைச் செய்யும் கட்டத்துக்கு, வர வேண்டிய தரவு எல்லாம் வந்து சேர்ந்ததும் அந்த நோடு ஓடும். நோடுகளையும் வயர்களையும் வரையும் பிளாக் டயகிராமில் இடது பக்கம் வைத்தது முதலில் ஓடும், வலது பக்கம் வைத்தது பிறகு ஓடும் என்று எந்த விதியும் கிடையாது. சி, பைத்தான் படித்துவிட்டு வருகிறவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்சான கான்டாக்டரை ஆன் செய்யும் நோடை இடப்பக்கம் வைத்து, எனர்ஜி மீட்டரைப் படிக்கும் நோடை வலப்பக்கம் வைத்து, நடுவே வயர் இல்லாமல் விட்டால் எது முதலில் ஓடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மீட்டரை முதலில் படித்துவிட்டு, கரண்ட் பூஜ்யம் என்று எழுதிவிட்டு, அதற்கப்புறம் மோட்டார் ஓடலாம்.

இதற்கு முதல் மருந்து எரர் வயர். ஸ்டேட்டஸ், கோட், சோர்ஸ் என்று மூன்று உறுப்புகள் உள்ள சின்ன கிளஸ்டர் (தரவுத் தொகுப்பு) அது. ஒரு நோடின் எரர் அவுட்டை அடுத்த நோடின் எரர் இன்னில் கோர்த்தால் வரிசை தானாக அமைந்துவிடும். கூடவே இன்னொரு நன்மையும் உண்டு. முன்னால் ஒரு பிழை வந்துவிட்டால் பின்னால் வரும் நோடுகள் தங்கள் வேலையைச் செய்யாமல் பிழையை மட்டும் கடத்திவிடும். போர்ட்டை மூடுவது, டாஸ்கை விடுவிப்பது போன்ற மூடும் நோடுகள் மட்டும் பிழை வந்தாலும் தங்கள் வேலையைச் செய்துவிடும்.

ஆர்எஸ்-485 கேபிள் வழியாக மோட்பஸ் என்ற தொடர்பு முறையில் பேசும் எனர்ஜி மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். போர்ட்டைத் திற, கேள்வி அனுப்பு, பதில் படி, மூடு. நான்கு படி, ஒரே எரர் வயர். இதற்கு சீக்வென்ஸும் வேண்டாம், ஸ்டேட் மெஷினும் வேண்டாம். புதிதாக வருகிறவர்கள் சீக்வென்ஸ் போடும் இடங்களில் பெரும்பகுதி இப்படி வயரிலேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

சீக்வென்ஸ் நியாயமாகப் பொருந்தும் இடம்

சில நோடுகளுக்கு எரர் முனையே கிடையாது. மில்லி செகண்டில் நேரம் தரும் டிக் கவுன்ட் அப்படி ஒன்று. காத்திருக்க வைக்கும் வெயிட் இன்னொன்று. ஒரு துணை விஐ (லேப்வியூ புரோகிராமை விஐ என்பார்கள்) எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளக்க வேண்டுமானால் மூன்று ஃப்ரேம் போட்டு, முதலில் டிக் கவுன்ட், நடுவில் அளக்க வேண்டிய துணை விஐ, கடைசியில் மறுபடி டிக் கவுன்ட் என்று வைப்பதுதான் முறையான வழி. கான்டாக்டரை ஆன் செய்ததும் அரை விநாடி விட்டு மீட்டரைப் படிக்க வேண்டுமா? ஒரே ஒரு ஃப்ரேம் போட்டு, உள்ளே 500 மில்லி செகண்ட் வெயிட்டை வைத்து, எரர் வயரை அந்த ஃப்ரேமின் ஊடாக இழுத்துவிடுங்கள். படிக்கிறவருக்கும் பார்த்த உடனே புரியும்.

போடுவதானால் ஃப்ளாட் சீக்வென்ஸ் போடுங்கள். ஸ்டாக்டு என்ற இன்னொரு வகையில் ஃப்ரேம்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும். ஃப்ரேம்களுக்கு நடுவே தரவு கடத்தும் வயர்கள் சில சமயம் வலமிருந்து இடமாக ஓடும். பழைய விஐக்களில் அதைப் பார்த்தால் புரிந்துகொள்ளத் தெரிந்தால் போதும், புதிதாக எழுத வேண்டாம்.

எங்கே முறிகிறது

சீக்வென்ஸ் ஒன்று ஓடத் தொடங்கிவிட்டால் கடைசி ஃப்ரேம் வரை ஓடித்தான் முடியும். நடுவில் வெளியேற வாசல் கிடையாது.

இதை டெஸ்ட் பெஞ்சில் வைத்துப் பாருங்கள். ஓட்டம் சீராக 30 விநாடி காத்திருக்கும் ஃப்ரேம் ஓடுகிறது. உறிஞ்சும் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு ஒழுகி சக்ஷனில் காற்று ஏறிவிடுகிறது. பம்ப் தண்ணீர் இல்லாமல் சுற்றுகிறது. உள்ளே இருக்கும் மெக்கானிக்கல் சீலுக்குக் குளிர்ச்சியும் வழுக்கலும் தருவது அந்தத் தண்ணீர்தான். உலர்ந்து ஓடினால் சீல் முகம் சூடேறிக் கெட்டுவிடும். பெஞ்சில் நிற்கும் ஆபரேட்டர் திரையில் நிறுத்து பட்டனை அமுக்குகிறார். ஒன்றும் நடக்கவில்லை. "ஏனுங்க தம்பி, அமுக்கிட்டே இருக்கறனுங்க, நிக்க மாட்டேங்குதுங்களே?" என்கிறார். அவர் கேட்பது நியாயம். அந்தப் பட்டனை முதல் ஃப்ரேமில் வைத்திருந்தால் புரோகிராம் அதை ஒரே ஒரு முறைதான் பார்த்தது. அதற்கப்புறம் எத்தனை முறை அமுக்கினாலும் பார்க்க ஆள் இல்லை.

அடுத்து அவர் என்ன செய்வார்? டூல்பாரில் இருக்கும் சிவப்பு அபார்ட் பட்டனை அமுக்குவார். இது இன்னும் மோசம். புரோகிராம் இருந்த இடத்திலேயே அறுந்துவிடும். ஆனால் டிஜிட்டல் அவுட்புட் கார்டு பொதுவாகக் கடைசியாக எழுதிய மதிப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். கான்டாக்டர் விடாது, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், கவனிக்கப் புரோகிராமும் இருக்காது. நிறுத்துவதற்காக எழுதிய ஃப்ரேம் கடைசியில் இருந்தது, அந்த ஃப்ரேமுக்கு முறையே வரவில்லை.

இதைச் சரிசெய்ய, ஒவ்வொரு ஃப்ரேமுக்குள்ளும் ஒரு கேஸ் ஸ்ட்ரக்சர் (மதிப்பைப் பார்த்துப் பல கிளைகளில் ஒன்றை மட்டும் ஓட்டுவது) போட்டு, நிறுத்து அமுக்கியிருந்தால் எதுவும் செய்யாதே என்று எழுதுகிறவர்கள் உண்டு. பட்டனின் மதிப்பை எல்லா ஃப்ரேமுக்கும் கொண்டுபோக வயர் இல்லாமலே மதிப்பைப் படிக்கும் லோக்கல் வேரியபிள் போடப் பார்ப்பார்கள். பட்டன் லேட்ச் வகையில் (புரோகிராம் படித்ததும் தானாக மேலே எழும்புவது) இருந்தால் லேப்வியூ அதற்கு லோக்கல் வேரியபிளை அனுமதிக்காது. பட்டனின் வகையை மாற்றுவார்கள், அப்புறம் பட்டனை மேலே எழுப்ப இன்னொரு படி எழுதுவார்கள். இந்த ஒட்டுவேலை தொடங்கிவிட்டது என்றாலே இடம் மாறிவிட்டீர்கள் என்று அர்த்தம். சீக்வென்ஸைக் கழற்றிவிட்டு ஸ்டேட் மெஷினுக்குப் போய்விடுங்கள்.

முடிவெடுக்க நான்கு கேள்விகள்

ஒன்று, நடுவில் நிறுத்த வேண்டி வருமா? இரண்டு, ஏதாவது ஒரு படியில் விநாடிக்கணக்கில் காத்திருக்க வேண்டுமா? மூன்று, ஒரு படியைத் திரும்பச் செய்யவோ தாண்டிப் போகவோ வேண்டியிருக்குமா? நான்கு, பிழை வந்தால் வேறு வழியில் போக வேண்டுமா? நான்குக்கும் இல்லை என்றால் எரர் வயர், தேவைப்பட்டால் ஒரு சின்ன சீக்வென்ஸ். ஒன்றுக்காவது ஆமாம் என்றால் ஸ்டேட் மெஷின்.

பம்ப் பெஞ்சுக்கு நான்குமே ஆமாம். திருப்பூரில் ஒரு சாயத் தொட்டியின் சூட்டைக் கட்டுப்படுத்துவதானாலும் அப்படித்தான். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்களில் பல 60 டிகிரி செல்சியஸ் அளவில் வேலை செய்பவை. மெதுவாகச் சூடேற்றி, அந்தச் சூட்டிலேயே நிறுத்திவைத்து, பிறகு வடிக்க வேண்டும். நடுவில் கரண்ட் போய் வந்தால் தொட்டி எந்தக் கட்டத்தில் இருந்தது என்று புரோகிராமுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டேட் மெஷினில் நிலை என்பது ஒரு மதிப்பு. அதையும் கடந்த நேரத்தையும் ஒரு ஃபைலில் எழுதி வைத்துக்கொண்டே போகலாம். சீக்வென்ஸில் மூன்றாவது ஃப்ரேமிலிருந்து தொடங்கு என்று சொல்லவே முடியாது.

கட்டுவது எப்படி

கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள். ஒரு தாள் எடுத்துக்கொண்டு பெஞ்ச் ஆபரேட்டருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். அவர் கையால் செய்வதைப் பார்த்து நிலைகளை எழுதுங்கள். பம்ப் பெஞ்சுக்கு ஏறக்குறைய இப்படி வரும்: தொடக்கம், காத்திருப்பு, பிரைமிங் பார் (பம்பில் தண்ணீர் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பது), மோட்டார் ஆன், சீராகு, ரீடிங் எடு, வால்வு திருப்பு, சேமி, பாதுகாப்பாக நிறுத்து, முடி. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விஷயம் எழுதுங்கள். இங்கே என்ன செய்ய வேண்டும்? எது நடந்தால் அடுத்த நிலைக்குப் போகலாம்? எது நடந்தால் பாதுகாப்பாக நிறுத்து நிலைக்குப் போக வேண்டும்? மூன்றாவது கேள்விக்கான இடத்தைத்தான் எல்லோரும் காலியாக விடுகிறார்கள். அதை நிரப்ப ஆபரேட்டருக்குத்தான் தெரியும். டெலிவரி வால்வை மூடிவைத்து சென்ட்ரிஃபியூகல் பம்பைத் தொடங்கினால் மோட்டாருக்குச் சுமை குறைவு, ஆனால் மூடியபடியே நெடுநேரம் ஓட விட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் சூடேறும் என்பது அவருக்குக் கைப்பழக்கம். உங்கள் தாளில் அது ஒரு கால வரம்பாக ஏற வேண்டும்.

அடுத்து, இந்த நிலைப் பெயர்களை ஒரு எனம் கன்ட்ரோலில் (பெயர்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்) எழுதி, அதை டைப் டெஃபாக, அதாவது எல்லா இடமும் பகிரும் ஒரே வரையறையாக, சேமியுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். டைப் டெஃபாக இருந்தால் நாளைக்கு ஒரு நிலையைச் சேர்த்தாலும் பிளாக் டயகிராமில் உள்ள எல்லா எனம் கான்ஸ்டன்டும் தானாக மாறிக்கொள்ளும். இல்லாவிட்டால் ஒவ்வொன்றாகத் தேடி மாற்ற வேண்டும், ஒன்று கட்டாயம் விட்டுப்போகும்.

பிறகு, நிறுத்தச் சொல்லும் வரை திரும்பத் திரும்ப ஓடும் ஒரு வைல் லூப். உள்ளே ஒரு கேஸ் ஸ்ட்ரக்சர். லூப்பின் ஓரத்தில், ஒரு சுற்றின் மதிப்பை அடுத்த சுற்றுக்குக் கடத்தும் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் மூன்று: நிலைக்கு ஒன்று, அளவீடுகள் எல்லாம் அடங்கிய கிளஸ்டருக்கு ஒன்று, எரர் வயருக்கு ஒன்று. நிலை வயரைக் கேஸின் தேர்வு முனையில் கொடுங்கள். ஒவ்வொரு கேஸும் தன் வேலையைச் செய்துவிட்டு அடுத்த நிலை எது என்று ஒரு எனம் மதிப்பை வெளியே தள்ளும். அது ஷிஃப்ட் ரெஜிஸ்டர் வழியாகச் சுற்றி வந்து அடுத்த சுற்றில் எந்தக் கேஸ் என்று முடிவு செய்யும். நிறுத்து பட்டனைக் கேஸுக்கு வெளியே, லூப்புக்கு உள்ளே வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதைப் படிக்க வேண்டும். லூப்பில் 50 அல்லது 100 மில்லி செகண்ட் வெயிட் ஒன்றும் வையுங்கள், இல்லாவிட்டால் பிராசஸர் முழுவதையும் இந்த லூப்பே தின்றுவிடும்.

பிஎல்சி (ஆலை இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர்) தெரிந்தவர்களுக்கு இது புதிதே அல்ல. ஒரு சுற்று என்பது ஒரு ஸ்கேன். ஐஇசி 61131-3 தரத்தில் வரும் எஸ்எஃப்சி மொழியில் படியும் மாறுதல் நிபந்தனையும் வரைவீர்களே, அதே சிந்தனைதான் இங்கேயும்.

மூன்று இடத்தில் கவனம் வேண்டும். மூன்றும் சத்தமில்லாமல் கெடுக்கிறவை.

நிலை ஷிஃப்ட் ரெஜிஸ்டருக்கு இடப்பக்கம் வெளியிலிருந்து தொடக்கம் என்ற மதிப்பைக் கட்டாயம் கொடுங்கள். கொடுக்காமல் விட்டால், விஐ மெமரியில் இருக்கும் வரை போன முறை ஓடி முடித்த மதிப்பையே வைத்திருக்கும். போன முறை நின்ற நிலையிலிருந்து இந்த முறை தொடங்கும்.

கேஸின் ஓரத்தில் மதிப்பு வெளியேறும் டனலில் வயர் இல்லாவிட்டால் இயல்பு மதிப்பைப் பயன்படுத்து என்ற தேர்வைப் போடாதீர்கள். எனத்தின் இயல்பு மதிப்பு பூஜ்யம், அதாவது பட்டியலில் முதலில் இருக்கும் நிலை. ஒரு கேஸில் அடுத்த நிலைக்கு வயர் போட மறந்தால் லேப்வியூ குறை சொல்லாது, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது புரோகிராம் தொடக்கத்துக்குத் திரும்பிவிடும்.

கேஸ் ஸ்ட்ரக்சரில் எந்தக் கேஸையும் டிஃபால்ட் என்று வைக்காதீர்கள். டிஃபால்ட் இல்லாமல் இருந்தால், எனத்தில் புதிய நிலை சேர்த்ததும் ரன் அம்பு உடைந்து நிற்கும். இந்த நிலைக்குக் கேஸ் எழுதவில்லை என்று லேப்வியூவே சொல்லிக்கொடுக்கும். அந்த உடைந்த அம்பு உங்களுக்குக் காவல்.

சீராகு நிலையைக் கிட்டே பார்ப்போம்

சீக்வென்ஸில் 30 விநாடி வெயிட்டாக இருந்தது இங்கே எப்படி மாறுகிறது? கேஸுக்குள் நீளமான வெயிட் கிடையாது. மோட்டார் ஆன் நிலையை விட்டு வெளியேறும்போது டிக் கவுன்ட் மதிப்பைக் கிளஸ்டரில் எழுதிவைக்கிறோம். சீராகு நிலை ஒவ்வொரு சுற்றிலும் மூன்று காரியம் மட்டும் செய்யும்: ஹெட்டையும் டிஸ்சார்ஜையும் கரண்டையும் படிக்கும், கடைசிச் சில அளவீடுகளின் ஏற்ற இறக்கம் வரம்புக்குள் வந்ததா என்று பார்க்கும், எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்கும். அளவு அடங்கிவிட்டால் ரீடிங் எடு. அடங்கவில்லை, நேரமும் மீறவில்லை என்றால் அடுத்த நிலையும் சீராகு. நேரம் மீறினாலோ, நிறுத்து அமுக்கினாலோ, டெலிவரி பிரஷர் திடீரென்று விழுந்தாலோ பாதுகாப்பாக நிறுத்து. ஆபரேட்டர் அமுக்கியது ஒரு சுற்று நேரத்துக்குள் புரோகிராமுக்குத் தெரிந்துவிடும்.

நேரக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. டிக் கவுன்ட் என்பது 32 பிட் எண். 49 நாளுக்குச் சற்று மேல் ஆனதும் பூஜ்யத்துக்குத் திரும்பும். தொடக்க நேரத்தோடு 30,000 கூட்டி, இப்போதைய நேரம் அதைத் தாண்டியதா என்று ஒப்பிட்டால் அந்தத் திருப்பத்தில் தவறும். இப்போதைய நேரத்திலிருந்து தொடக்க நேரத்தைக் கழித்து, வித்தியாசத்தை 30,000 உடன் ஒப்பிடுங்கள். குறி இல்லாத எண்ணாகக் கழித்தால் திருப்பத்திலும் விடை சரியாக வரும்.

ரீடிங் எடு நிலையில் கணக்கு ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். டிஸ்சார்ஜ் விநாடிக்கு 5 லிட்டர், மொத்த ஹெட் 20 மீட்டர் என்றால் தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்த பவர் 9.81 × 5 × 20, அதாவது 981 வாட். மீட்டர் 1,900 வாட் காட்டினால் மொத்தத் திறன் 52 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. உங்கள் திரையில் 516 சதவீதமோ 5 சதவீதமோ வந்தால் எங்கோ அலகு மாறியிருக்கிறது. ஏற்பு வரம்புகளைப் பிளாக் டயகிராமில் கான்ஸ்டன்டாக எழுதாதீர்கள். மோனோசெட் பம்புக்கு ஐஎஸ் 9079, சப்மெர்சிபிளுக்கு ஐஎஸ் 8034 என்று பம்ப் வகைக்கு ஏற்பத் தரம் மாறும், மாடலுக்கு ஏற்ப எண்ணும் மாறும். அவை ஒரு ஃபைலில் இருக்கட்டும்.

பாதுகாப்பாக நிறுத்து

எல்லாப் பாதையும் இந்த நிலை வழியாகத்தான் முடி நிலைக்குப் போக வேண்டும். டெஸ்ட் நல்லபடியாக முடிந்தாலும் சரி, பிழை வந்தாலும் சரி. கான்டாக்டரை ஆஃப் செய்வது இங்கே நடக்க வேண்டும். ஒரு இடத்தில் பலரும் வழுக்குவார்கள். பிழை வந்ததால்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறோம், அதே எரர் வயரைக் கான்டாக்டருக்கு எழுதும் நோடில் கொடுத்தால் அந்த நோடு வேலை செய்யாமல் தாண்டிவிடும். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே இங்கே மட்டும் வந்த பிழையைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, பிழையில்லாத புதிய எரர் வயரோடு ஆஃப் கட்டளையை எழுதி, பிறகு இரண்டையும் மெர்ஜ் எரர்ஸ் நோடில் சேருங்கள்.

திரையில் இருக்கும் நிறுத்து பட்டன் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் அது எமர்ஜென்சி ஸ்டாப் ஆகாது. பெஞ்சில் கைக்கு எட்டும் இடத்தில் சிவப்புக் காளான் தலைப் பட்டன் ஒன்று கான்டாக்டர் காயிலின் சப்ளையை நேரடியாக அறுக்க வேண்டும். விண்டோஸ் உறைந்து போனாலும் அது வேலை செய்ய வேண்டும். அதன் துணைக் கான்டாக்ட் ஒன்றைக் கார்டுக்குக் கொடுத்தால் புரோகிராமும் தெரிந்துகொண்டு பாதுகாப்பாக நிறுத்து நிலைக்குப் போகும்.

பழகுவதற்கு

சொந்தமாகக் கற்றுக்கொள்ள 2020-லிருந்து லேப்வியூ கம்யூனிட்டி எடிஷன் இலவசமாகக் கிடைக்கிறது. வணிகத்துக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது, கம்பெனி பெஞ்சுக்கு முறையான லைசென்ஸ் வேண்டும். புதிய புராஜெக்ட் தொடங்கும் இடத்தில் சிம்பிள் ஸ்டேட் மெஷின் என்ற டெம்ப்ளேட் இருக்கும். அதைத் திறந்து, பல்ப் ஐகானை அமுக்கி, தரவு வயரில் நகர்வதைப் பாருங்கள். ஆனால் முதல் ஸ்டேட் மெஷினை வெறும் தாளிலிருந்து நீங்களே கட்டுங்கள். டெம்ப்ளேட்டில் எது எதற்கு இருக்கிறது என்று அப்போதுதான் பிடிபடும்.

ரிப்போர்ட் எழுதவும் நெட்வொர்க்கில் அனுப்பவும் நேரம் எடுத்து, அதனால் நிறுத்து பட்டன் தாமதமாக வேலை செய்யத் தொடங்கினால் அந்த வேலையை இரண்டாவது லூப்புக்கு மாற்றி, நடுவே தரவை வந்த வரிசையில் கடத்தும் ஒரு கியூ வையுங்கள். முதல் நாளே அதற்குப் போக வேண்டாம்.

பெஞ்சில் மாட்டும் முன்பு மோட்டாருக்குப் பதில் ஒரு இண்டிகேட்டர் விளக்கைக் கான்டாக்டரில் இணைத்து ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு நிலையிலும் ஒருமுறை நிறுத்து அமுக்குங்கள். ஒவ்வொரு நிலையிலும் ஒருமுறை மீட்டர் கேபிளைக் கழற்றுங்கள். எல்லா முறையும் விளக்கு அணைந்தால் தாளில் அந்த நிலைக்கு எதிரே டிக் போடுங்கள். டிக் விழாத நிலை ஒன்று இருந்தாலும் மோட்டார் வயரை இணைக்க வேண்டாம்.